ஆரணிப் பட்டுக்கும் ஜவ்வாது மலைக்கும் என்ன சம்பந்தம்?

ஆரணின்னா பட்டு, ஆரணின்னா அரிசி. இந்த ரெண்டுக்கும் பின்னால இருக்கிற மூன்றாவது பெயர் ஜவ்வாது மலை. அந்த மலையில் என்ன நடக்குதுங்கிறது ஊரின் தறிச் சத்தத்தையும் பாதிக்கும். எப்படி?

தண்ணீர் எங்கிருந்து வருது?

ஆரணியை ஒட்டி ஓடுவது கமண்டல நாகநதி. பெயரிலேயே இருப்பது போல இது இரண்டு ஆறுகளின் கூட்டு. இரண்டுக்குமே ஜவ்வாது மலைதான் தாய்வீடு. இது செய்யாற்றில் கலந்து, செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. வருஷம் முழுக்க ஓடுற ஆறு இல்லை. மழைக்காலத்தில் வரும் நீர்தான் ஏரிகளையும் கிணறுகளையும் நிரப்பணும்.

பட்டுக்குத் தண்ணீர் எதுக்கு?

கச்சாப் பட்டின் எடையில் சுமார் கால் பங்கு செரிசின் என்ற பசை. சோப்பும் சோடாவும் கலந்த சூடான நீரில் அதை நீக்கினால்தான் பளபளப்பு வரும், சாயம் பிடிக்கும். தண்ணீர் கடினமாக இருந்தால் சோப்பு நுரைக்காது, நூலில் படிவு ஒட்டும், நிறம் திட்டுத்திட்டாக இறங்கும். நிலத்தடி நீர் சரியாக ஊறாமல் போர்வெல் ஆழமாகப் போகப்போக, பல இடங்களில் உப்பும் கூடுது. ஆக, தண்ணீரின் அளவு மட்டுமல்ல, தரமும் பிரச்சினைதான்.

மலை என்ன செய்யுது?

மரமும் புதரும் சருகும் இருக்கும் சரிவில் மழை மெதுவாக இறங்கும், மண்ணுக்குள் ஊறும், பிறகு ஓடையாகக் கசியும். மொட்டைச் சரிவில் அதே மழை ஒரே நாளில் வெள்ளமாக ஓடி, மண்ணையும் இழுத்துக்கொண்டு வரும். அந்த மண் அணையிலும் ஏரியிலும் படியும். படவேடு அருகே உள்ள செண்பகத்தோப்பு அணையின் கொள்ளளவு சுமார் 287 மில்லியன் கன அடி. ஷட்டர் பழுதால் பல ஆண்டுகள் அதில் முழுசாகத் தேக்க முடியலை. ஷட்டரை மாற்றிவிடலாம். படிந்த வண்டலை அள்ளுவது அவ்வளவு சுலபமில்லை.

அப்போ சிக்கல் எங்கே?

நீருக்கு மாவட்ட எல்லை தெரியாது. ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பரந்திருக்கு. காடு வனத்துறையிடம், அணை நீர்வளத் துறையிடம், வயல் வேளாண் துறையிடம், குடிநீர் உள்ளாட்சியிடம். ஒவ்வொருவரிடமும் ஒரு திட்டம் இருக்கும். மலை முதல் ஊர் வரை சேர்த்துப் பார்க்கிற திட்டம்தான் தேவை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு 2011-ல் காட்கில் குழு, 2013-ல் கஸ்தூரிரங்கன் குழு என அறிக்கைகள் வந்தன. ஜவ்வாது இருக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கு அந்த அளவு கவனம் கிடைக்கலை.

வழி இருக்கா?

இருக்கு. நீர்ப்பிடிப்புத் திட்டங்களின் அடிப்படை விதியே ‘மேட்டிலிருந்து பள்ளத்துக்கு’. முதலில் மலைச்சரிவு, அப்புறம் ஓடை, கடைசியில் ஏரி. நாகநதியில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் மூலம் பெண்கள் தடுப்பணைகளும் நீர் செறிவூட்டும் கிணறுகளும் அமைத்தார்கள். 2021 செப்டம்பர் 26 அன்று பிரதமரின் ‘மனதின் குரல்’ உரையில் இது இடம்பெற்றது.

நியூயார்க் நகரம் 1997-ல் இன்னொரு பாதையைக் காட்டியது. மலைப்பகுதிக் கிராமங்களோடு ஒப்பந்தம் போட்டு, அங்கே நிலத்தையும் நீரையும் காக்கப் பணம் கொடுத்தது. பெரும் செலவில் வடிகட்டும் ஆலை கட்டுவதைவிட அது லாபமாக இருந்தது.

யார் முடிவு எடுக்கணும்?

ஜவ்வாதில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்குச் சாமையும் தேனும் புளியும் வாழ்வாதாரம். 2006-ன் வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் உரிமையையும் கிராம சபைக்குத் தருது. அவர்களை வெளியே நிறுத்திவிட்டு ‘பாதுகாப்பு’ன்னு சொன்னா அது நிலைக்காது. அதேபோல கீழே இருக்கும் ஊருக்கும் பொறுப்பு இருக்கு. சாயக்கழிவைச் சுத்திகரிக்காமல் விட்டால், மலை காத்து அனுப்பிய நீரை நாமே கெடுத்த மாதிரி. தோல் கழிவால் பாலாறு பட்ட பாடும், 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் நம் பக்கத்திலேயே இருக்கிற பாடம்.

அடுத்த முறை ஆரணிப் புடவை வாங்கும்போது ஜரிகையோடு அதன் நிறத்தையும் கவனியுங்க. அந்த நிறம் சீராக இருப்பதில் மலையில் ஊறிய மழைக்கும் பங்கு உண்டு.