ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீடு திரும்பும்போது...

"நாளைக்கு வீட்டுக்கு அழைச்சுக்கிட்டுப் போகலாம்" என்று டாக்டர் சொல்ல மாட்டாரா என்றுதான் எல்லாத் தெய்வங்களையும் வேண்டிக்கொள்கிறோம். சொல்லிவிட்டாலோ, சந்தோஷத்தோடு வயிற்றில் புளியும் கரைகிறது. அங்கே பகலும் இரவும் நர்ஸுகள் மாறி மாறிச் செய்ததை இனி நாம் செய்ய வேண்டுமே!

என் கணவருக்கு வயது 52. போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் நின்றுவிட்டது. மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு ஏற்பட்டால் உடம்பின் வலது பக்கம் பாதிக்கும். பெரும்பாலோருக்குப் பேச்சும் அந்த இடது பக்கத்தில்தான் இருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். தஞ்சாவூரில் 23 நாள் வைத்தியம் ஆனபின், மூக்கில் ஆகாரக் குழாயோடு அவரைக் கும்பகோணத்துக்கு அழைத்து வந்தேன். அந்த அனுபவத்தில் சகோதரிகளுக்கு உதவும் என்று தோன்றியதை எழுதுகிறேன்.

கிளம்பும் முன்பே

கடைசி நான்கு நாளும் சிஸ்டர் என்னைச் சும்மா நிற்க விடவில்லை. "பார்த்தாப் போதாதும்மா, உங்க கையால செய்யுங்க" என்பார். குழாயில் ஆகாரம் விடுவது, புரட்டிப் படுக்க வைப்பது, படுத்தபடியே துணி மாற்றுவது எல்லாம் அப்படிக் கற்றதுதான். நீங்களும் வெட்கப்படாமல் கேட்டுச் செய்து பாருங்கள். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எதைப் பொடி செய்யலாம், எதைப் பொடி செய்யக் கூடாது என்று ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். சில மாத்திரைகளைப் பொடித்துக் கொடுக்கவே கூடாதாம்.

இதற்குள் வீட்டில் என் மகன் தலைப்பக்கம் உயர்த்தும் கட்டிலும் காற்று மெத்தையும் வாடகைக்கு எடுத்துப் போட்டுவிட்டான். கட்டிலைக் கூடத்தில்தான் போடச் சொன்னேன். உள் அறையில் போட்டால் அவர் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

குழாயும் ஆகாரமும்

ஆகாரம் விடும்போது தலைப்பக்கம் நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். விட்டு முடித்த பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். உடனே படுக்க வைத்தால் ஆகாரம் மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். கஞ்சியோ பருப்புத் தண்ணீரோ, எதுவானாலும் நன்றாக வடிகட்டி, அளவாக, மெதுவாக விட வேண்டும். முன்னும் பின்னும் கொஞ்சம் வெறும் தண்ணீர் விட்டால் குழாய் அடைக்காது. குழாய் வெளியே வந்துவிட்டால் நாமே திரும்பத் திணிக்கக் கூடாது.

ஒன்றரை மாதம் கழித்து, அவர் விழுங்குவதைச் சோதித்துப் பார்த்து, குழாயை எடுத்தார்கள். அப்போது தெரிந்துகொண்ட விஷயம்: இப்படிப்பட்டவர்களுக்குக் குழைந்த சாதத்தைவிடப் பச்சைத் தண்ணீர்தான் சீக்கிரம் புரையேறும்!

படுக்கைப் புண்

காற்று மெத்தை இருக்கிறதே என்று அசந்துவிடக் கூடாது. இரண்டு மணிக்கொரு தரம் புரட்ட வேண்டும். இரவு பத்திலிருந்து இரண்டு வரை மகன், பிறகு நான் என்று முறை வைத்துக்கொண்டோம். குளிப்பாட்டும்போது இடுப்பின் அடிப்பக்கம், குதிகால், முழங்கை, பின்னந்தலை எல்லாவற்றையும் தினமும் பார்ப்பேன். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துச் சிவக்க வேண்டும். சிவப்பு மாறாமலே இருந்தால் புண் ஆரம்பம். அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது, தோள்மூட்டு இறங்கிவிடும். சட்டை போடும்போது விழுந்த கைக்கு முதலில். கழற்றும்போது அந்தக் கைக்குக் கடைசியில்.

பேச்சுதான் போயிற்று

பார்க்க வந்தவர்கள் கட்டிலருகே நின்று, "எப்படி இருந்த மனுஷன்! இப்படி ஆயிட்டாரே!" என்று என்னிடம் சொல்வார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கண்ணோரம் நனைந்திருக்கும். அதற்குப் பிறகு வாசலிலேயே சொல்லிவிடுவேன், "அவருக்கு எல்லாம் புரியும். நேரா அவர்கிட்டயே பேசுங்க" என்று. என் நாத்தனார்கூட, "என்ன அண்ணி, இவ்வளவு கறாரா?" என்றாள். இருக்கட்டுமே!

இரண்டு சட்டையைக் காட்டி எது வேண்டும் என்று கேட்பேன். இடது கையால் தொட்டுக் காட்டுவார். மாதக் கணக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பேன். ஒரு மாதம் பால் கணக்கைப் படித்தபோது வேகமாகத் தலையை ஆட்டினார். கூட்டிப் பார்த்தால், கடைக்காரர் இரண்டு நாள் அதிகமாகப் போட்டிருந்தார்!

பயிற்சி கொடுக்க வரும் பிஸியோதெரபி தம்பி, காலைத் தூக்கித் தூக்கி "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவார். ஆறாவது வாரம் ஒருநாள் "மூணு"க்குப் பிறகு அவர் மூச்சு வாங்க நிறுத்தினார். கட்டிலிலிருந்து "நாலு" என்று குரல் வந்தது. நான் அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தேன். சரளமாகப் பேச வராதவர்களுக்கும், வாய்க்குப் பழகிப்போன எண்களும் பாட்டும் சுலோகமும் சில சமயம் தாமாக வருமாம். அன்றிலிருந்து நாங்கள் தினமும் சேர்ந்து எண்ணுகிறோம். இப்போது என் பெயர், "வேண்டாம்", "காபி" எல்லாம் வருகிறது. முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும்; அப்போது பயிற்சியை ஒருநாளும் விட்டுவிடாதீர்கள்.

செலவுக்குத் திண்டாடுகிறவர்கள் பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை தருவதோடு, நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பிஸியோதெரபியும் சேர்க்கப்பட்டது.

தேறிவிட்டார் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மறுபடி வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

கடைசியாக, உங்களைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை மதியம் நாத்தனார் வந்து அவரருகே உட்காருவாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரம் தூங்குவேன். "நான் பார்த்துக்கறேன்" என்று யாராவது சொன்னால், "பரவாயில்லை" என்று மறுக்காதீர்கள், சகோதரிகளே. ஒத்தாசையை வாங்கிக்கொள்ளுங்கள். இது பல மாதம் செய்ய வேண்டிய வேலை. நமக்கும் தெம்பு வேண்டும்.