ஒரு நிலையம், பல பிளாட்பாரங்கள்

சிவாஜிநகர் பஸ் நிலையத்தில் மாலை ஆறு மணிக்கு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தமிழ், கன்னடம், தக்கினி உருது மூன்றும் கலந்த இரைச்சல். எந்த பஸ் எந்தப் பிளாட்பாரத்துக்கு வரும் என்று தெரிந்தவர் நிம்மதியாகப் போய் நிற்பார். தெரியாதவர் கையில் பையோடு அங்குமிங்கும் ஓடுவார். ரஸ்ஸல் மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு இங்கே பஸ் ஏறுவது எனக்கு முப்பதாண்டுப் பழக்கம். கம்ப்யூட்டரைப் பற்றிய ஒரு பாடத்தை இந்த நிலையத்தை வைத்தே புரிந்துகொள்வேன் என்று நான் நினைத்ததில்லை.

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் என் அக்கா வீடு. அவளுடைய மகன் கல்லூரியில் படிக்கிறான். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, அதை விளையாட்டு சர்வர் ஆக்கி வைத்திருக்கிறான். சர்வர் என்றால் ஓட்டலில் இட்லி பரிமாறுபவர்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவார். இதற்கும் ஏறக்குறைய அதே வேலைதான். ஆட்டத்தில் யார் எங்கே நிற்கிறார்கள், யார் என்ன செய்தார்கள் என்று கணக்கு வைத்து, எல்லாருக்கும் நொடிக்குப் பலமுறை பரிமாறுகிறது. அந்தச் சந்தில் ஒன்றாகக் கோலி விளையாடிய பிள்ளைகள் இன்று ஒயிட்ஃபீல்டில் ஒருவன், ஓசூரில் ஒருவன், சிங்கப்பூரில் ஒருவன் என்று சிதறிவிட்டார்கள். சனிக்கிழமை இரவு அவர்கள் கூடும் இடம் இந்தக் கம்ப்யூட்டர்தான். அதனால் இதை வெறும் பொழுதுபோக்கு என்று நான் தள்ளிவிட மாட்டேன்.

தசரா விடுமுறையில் வந்தது வம்பு. அதுவரை சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு மைன்கிராஃப்ட், பெரியவர்களுக்கு ஒரு கவுன்டர் ஸ்ட்ரைக் சோர்ஸ் என்று இரண்டு சர்வர்கள் ஓடின. விடுமுறைக் கூட்டத்துக்காக ஒவ்வொன்றிலும் இன்னொன்று சேர்த்து நான்காக்கினான். இரண்டாவது மைன்கிராஃப்ட் கிளம்ப மறுத்து, "இந்தப் போர்ட்டில் ஏற்கெனவே வேறொரு சர்வர் ஓடுகிறதோ?" என்ற பொருளில் ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றது. இரண்டாவது கவுன்டர் ஸ்ட்ரைக் சண்டை போடாமல் கிளம்பியது. ஆனால் அதைத் தேடி வந்தவர்கள் எல்லாரும் ஏற்கெனவே நிரம்பியிருந்த முதல் சர்வரிலேயே போய் முட்டிக்கொண்டார்கள். சிங்கப்பூரில் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே தூக்கம் விழித்துக் காத்திருந்தவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான். "ரெண்டும் ஓடுது மாமா, ஆனா புதுசுக்குள்ள யாராலயும் வர முடியல" என்று பையன் முகம் தொங்கிப் போனது.

போர்ட் என்பது என்ன?

அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை என் பாஷையில் சொல்கிறேன். இன்டர்நெட்டில் ஒரு கம்ப்யூட்டரின் ஐபி முகவரி பஸ் நிலையம் மாதிரி. போர்ட் என்பது அதற்குள் இருக்கும் பிளாட்பார எண். வந்து சேரும் தகவல் எந்த நிரலுக்கு உரியது என்பதை அந்த எண்தான் சொல்லும். இதற்கு ஒதுக்கிய இடம் 16 பிட். ஆகவே எண்கள் 65,535 வரை மட்டுமே உண்டு. 1,023 வரை உள்ளவை இணையதளம், மின்னஞ்சல் போன்ற பொதுச் சேவைகளுக்கு. 49,151 வரை பதிவு செய்யக்கூடியவை. அதற்கு மேற்பட்டவை தற்காலிக உபயோகத்துக்கு.

இந்த எண்களுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்று ஜான் போஸ்டல் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1972 மே மாதமே எழுதினார். அந்தப் பொறுப்பைத் தானே ஏற்கலாமா என்றும் கேட்டார். 1998-இல் அவர் காலமாகும் வரை உலகத்தின் எண் பதிவேடு அவர் பொறுப்பில்தான் இருந்தது. பெங்களூரு பிரிகேட் சாலையில் 1996-இல் காஃபி டே தன் முதல் கடையை இன்டர்நெட் வசதியோடு திறந்த அதே ஆண்டில் வெளிவந்த குவேக் என்ற ஆட்டம் 26000 என்ற எண்ணை எடுத்துக்கொண்டது. கவுன்டர் ஸ்ட்ரைக்குக்கு 27015. மைன்கிராஃப்டுக்கு 25565.

மோதல் எப்படி வருகிறது?

ஒவ்வொரு ஆட்டமும் தன் வழக்கமான எண்ணைத்தான் கேட்கும். ஒரே ஆட்டத்தின் இரண்டு சர்வர்கள் ஒரே எண்ணைக் கேட்டால், முதலில் வந்தவருக்கே இடம். மைன்கிராஃப்ட் நேர்மையாக "இடமில்லை" என்று நின்றுவிட்டது. சோர்ஸ் வகை சர்வரோ அடுத்த காலி எண்ணான 27016-க்குத் தானாகவே நகர்ந்துகொண்டது. திரையில் ஓடி மறைந்த ஒரு எச்சரிக்கை வரியைத் தவிர யாருக்கும் தகவல் இல்லை. பஸ் பிளாட்பாரம் மாறிவிட்டது, பயணிகள் பழைய இடத்திலேயே காத்திருந்தார்கள். நின்றுபோன சர்வரைவிட இப்படி நகர்ந்துகொண்ட சர்வர்தான் அதிகத் தொல்லை.

தீர்வு கடினமானதல்ல. மைன்கிராஃப்டின் அமைப்புக் கோப்பில் போர்ட் வரியை 25566 என்று மாற்ற வேண்டும். கவுன்டர் ஸ்ட்ரைக்கைக் கிளப்பும் கட்டளையிலேயே 27016 என்று சொல்லிவிட வேண்டும். ஆட வருபவர்கள் முகவரியை அடுத்து ஒரு முக்காற்புள்ளி இட்டு அந்த எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஆனால் ஒரு சர்வருக்கு வாசல் ஒன்று மட்டுமல்ல. மைன்கிராஃப்டை வெளியிலிருந்து நிர்வகிக்கும் ஆர்கான் வசதியை இயக்கினால் அது 25575-ஐக் கேட்கும். கவுன்டர் ஸ்ட்ரைக்கில் வேடிக்கை பார்ப்பவர்களுக்கான சோர்ஸ் டிவி 27020-ஐக் கேட்கும். முன்வாசலை மாற்றிவிட்டுப் பின்வாசலை மறந்தால் மறுபடியும் மோதல்தான். இன்னொரு நுணுக்கம்: டிசிபி, யுடிபி என்று இரண்டு போக்குவரத்து முறைகள் உண்டு. டவுன் பஸ்ஸுக்கும் வெளியூர் பஸ்ஸுக்கும் தனித்தனி வரிசை இருந்தால் இரண்டிலும் மூன்றாம் எண் இருக்கலாம் அல்லவா? அதுபோல ஒரே எண்ணை டிசிபியில் ஒரு நிரலும் யுடிபியில் இன்னொன்றும் வைத்துக்கொள்ளலாம். மோதல் இல்லை.

எந்த எண்ணை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க, விண்டோஸின் கட்டளைத் திரையில் நெட்ஸ்டாட் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் ஏ, என், ஓ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் சேர்த்தால் போதும். கடைசிப் பத்தியில் வரும் எண் அந்த நிரலின் அடையாளம். பல சமயம், மூடிவிட்டதாக நாம் நினைத்த பழைய சர்வரே பின்னணியில் உட்கார்ந்திருக்கும்.

வீட்டு வாசலுக்கு வெளியே

வீட்டுக்குள் சரியானாலும், வெளியூர்க்காரர்கள் வர ரௌட்டர் வழிவிட வேண்டும். "இந்த எண்ணுக்கு வருபவரை இந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்பு" என்று அதில் எழுதி வைக்க வேண்டும். வெளியே உள்ள ஓர் எண்ணை உள்ளே இரண்டு கம்ப்யூட்டர்களுக்குக் காட்ட முடியாது. கம்ப்யூட்டரின் உள்முகவரி மாறாதபடியும் பதிந்துவிட வேண்டும். சோதிப்பதை வீட்டு வைஃபையில் செய்யாமல், செல்போன் இணைப்பில் செய்ய வேண்டும்.

எல்லாம் செய்தும் யாரும் வர முடியவில்லை என்றால், ரௌட்டரின் வெளிமுகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால், இணைப்பு கொடுக்கும் நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறது என்று பொருள். இதற்கென்றே 2012-இல் ஒதுக்கிய எண்கள் அவை. அப்போது நம் ரௌட்டரில் எத்தனை வாசல் திறந்தாலும் பயனில்லை. நிறுவனத்திடம் தனி முகவரி கேட்க வேண்டும், அல்லது வெளியே ஒரு சர்வரை வாடகைக்கு எடுக்க வேண்டும்.

அன்றிரவு ஒரு நண்பன், "எல்லாப் போர்ட்டையும் திறந்துவிடுடா, பிரச்சினை தீர்ந்தது" என்று யோசனை சொன்னான். மோதல் அதனால் தீராது. ஒரே எண்ணுக்கு அப்போதும் இரண்டு பேர்தான் போட்டி. போதாததற்கு, வீட்டுக் கம்ப்யூட்டர் உலகத்துக்கே திறந்து கிடக்கும். ஆர்கானின் கடவுச்சொல் மறைக்கப்படாமலே பயணம் செய்வது. அந்த வாசலை வெளியே திறக்கவே கூடாது. ஆட்டத்துக்குத் தேவையான நான்கு எண்கள் மட்டும் திறந்தால் போதும்.

நான் நாற்பதாண்டு ஆபீசில் ரிஜிஸ்டர் எழுதியவன். அக்கா மகனுக்கு நான் செய்த உதவி ஒன்றே ஒன்று. ஒரு நோட்டில் நான்கு பத்தி கோடு போட்டுக் கொடுத்தேன்: சர்வர் பெயர், போர்ட் எண், டிசிபியா யுடிபியா, ரௌட்டரில் திறந்த தேதி. புதிதாக ஒன்றைக் கிளப்பும் முன் நோட்டைப் பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. "இதுக்கெல்லாம் நோட்டா மாமா?" என்று சிரித்தான். ஜான் போஸ்டல் கதையைச் சொன்னதும் வாங்கிக்கொண்டான்.

அடுத்த சனிக்கிழமை நான்கு சர்வர்களும் ஓடின. சின்னப் பிள்ளைகள் 25566-இல் கோட்டை கட்டினார்கள். சிங்கப்பூர்க்காரனுக்கு முகவரியோடு 27016 என்ற எண்ணையும் முன்கூட்டியே அனுப்பியிருந்தான். இரவு ஒன்பதுக்கு அவன் குரல் ஸ்பீக்கரில் கேட்டதும் அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டாள்.