மோர் சிலுப்பத் தெரிந்தால் போதும்!

மோட்டார் காருக்கும் மோர் மத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், "இது என்ன அசட்டுக் கேள்வி?" என்றுதான் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், என் பெரியம்மா ஒரு பகல் முழுவதும் புதுப்பேட்டைச் சந்து ஒன்றில் சாக்கு விரித்து உட்கார்ந்து, ஒரு காரின் எஞ்சினை மோர் சிலுப்புவதுபோல் சிலுப்பியதைக் கண்ணால் பார்க்காதிருந்தால்!

அவள் கையில் இருந்த மத்து ஒரு ஜாண் நீளமுள்ள மரக் குச்சி. குச்சியின் இரண்டு முனைகளிலும் ரப்பர்க் கிண்ணம்; ஒன்று பெரியது, ஒன்று சிறியது. குளியலறைச் சுவரில் துண்டு மாட்டுவதற்கு ஒட்ட வைக்கிறோமே, அந்த ஜாதி ரப்பர். கடையில் 'வால்வு கிரைண்டிங் ஸ்டிக்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். மோட்டார்ச் சாமான்களிலேயே இவ்வளவு மலிவானது வேறு ஒன்று இருக்குமா என்பது சந்தேகம். சாவி இல்லை, சக்கரம் இல்லை, மின்சாரம் இல்லை. ஆனால் பெரியப்பாவின் பிழைப்பு அன்றைக்கு அந்தக் குச்சியின் நுனியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பெரியப்பாவிடம் பழைய பெட்ரோல் அம்பாசடர் ஒன்று இருந்தது. எழும்பூர் ரயில் நிலையத்துக்கு வெளியே நிறுத்தி, திருப்பதி, காஞ்சிபுரம், மகாபலிபுரம் என்று சவாரி போவார். 1998-ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் அந்தக் கார் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. மேடு ஏறினால் மூச்சு வாங்கும். சிக்னலில் நின்றால் ஜுரம் வந்த குழந்தைபோல் உடம்பெல்லாம் உதறும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டு வாசலிலேயே பரீட்சை நடத்தினார். முன்பக்கத்தில் ஹாண்டிலைச் செருகி மெதுவாகச் சுற்றினார். நாலு சிலிண்டர் அல்லவா? நாலு இடத்தில் கை கனக்க வேண்டும். மூன்று இடத்தில் கனத்தது. ஒரு இடத்தில், கயிறு அறுந்த ராட்டினம் மாதிரி ஹாண்டில் சும்மா ஓடிற்று. "ஏய், பின்னாலே போய்ச் சைலன்ஸர் குழாயில் காதை வைத்துக் கேள்" என்றார் என்னிடம். எனக்கு அப்போது எட்டு வயது. கேட்டேன். 'புஸ்ஸ்' என்று பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம்.

"எக்ஸாஸ்ட் வால்வு போச்சு" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார் பெரியப்பா. அதே சத்தம் கார்புரேட்டர் பக்கம் கேட்டிருந்தால் இன்லெட் வால்வு, எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டிருந்தால் பிஸ்டன் ரிங் என்று பிற்பாடு சொல்லிக் கொடுத்தார். டாக்டர்கள் முதுகில் குழாய் வைத்துக் கேட்கிற வித்தைதான்!

வால்வு என்பது என்ன? பெண்மணிகளுக்கு இதைச் சொல்வது சுலபம். பிரஷர் குக்கரின் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டால் என்ன ஆகிறது? விளிம்பு வழியாக ஆவி கசிகிறது, விசில் வருவதில்லை, அரிசி வேகுவதில்லை. எஞ்சினிலும் கதை அதுதான். சிலிண்டருக்கு மேலே நாய்க்குடை வடிவத்தில் எஃகு மூடிகள் இருக்கின்றன. ஒன்று திறந்தால் பெட்ரோல் ஆவியும் காற்றும் உள்ளே வரும். இன்னொன்று திறந்தால் எரிந்த புகை வெளியே போகும். மற்ற நேரத்தில் இரண்டும் இறுக மூடியிருக்க வேண்டும். நாலு சிலிண்டர் அம்பாசடருக்கு மொத்தம் எட்டு வால்வு.

ஆனால் குக்கருக்கு ரப்பர் வளையம் உண்டு, இதற்குக் கிடையாது. ரப்பர் வைத்தால் நொடியில் சாம்பலாகிவிடும். இரும்பின் மேல் இரும்பு உட்கார்ந்தே கசிவை அடைக்க வேண்டும். அழுத்தமும் சாமானியமல்ல. குக்கரில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு என்றால், எஞ்சினில் நெருப்புப் பற்றுவதற்கு முன்பே அதைப்போல் எட்டு, பத்து மடங்கு. பற்றிய பிறகு கேட்கவே வேண்டாம். நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் 1,500 தடவை திறந்து மூடுகிறது. புகை வெளியேறும் வால்வோ, தணல்போல் பழுத்த நிலையிலேயே இருக்கிறது. மூடி உட்காருகிற அந்த நேரத்தில்தான் அது தன் சூட்டைச் 'சீட்' என்னும் இருக்கையில் இறக்கி வைத்து ஆசுவாசப்படுத்திக்கொள்ள முடியும். இடுக்கில் ஒரு கரித்துணுக்கு மாட்டிக்கொண்டாலும் போதும், உட்காருவது சரியாக இருக்காது. அந்த இடைவெளி வழியாக நெருப்பு சீறும். விளிம்பு, ஓரம் கருகிய அப்பளம் மாதிரி ஆகிவிடும்.

இதற்கு வைத்தியம், ஹெட்டைக் கழற்றி, கரியைச் சுரண்டி, கெட்ட வால்வை மாற்றி, ஒவ்வொரு வால்வையும் அதனதன் சீட்டோடு தேய்த்துப் பொருத்துவது. பெரியப்பா அவசரப்பட்டார். மார்கழிக்குள் முடித்தால் தை முகூர்த்தங்களுக்கு வண்டி ஓடுமே என்று, "ஒரே நாளில் முடித்துத் தருகிறோம்" என்று சொன்ன ஒரு பட்டறையில் காரை விட்டார். சொன்னபடி ஒரே நாளில் முடித்தும் கொடுத்தார்கள். கார் ஜம்மென்று கிளம்பிற்று. மூன்று வாரத்தில் நீலப் புகை! எண்ணெய் குடிக்க ஆரம்பித்தது. கீழே எதுவோ தட்டுகிற சத்தமும் கேட்டது.

என்ன நடந்தது என்றால், வால்வைத் தேய்ப்பதற்குத் தடவும் பசையைச் சரியாகக் கழுவாமலே ஹெட்டை மாட்டிவிட்டார்கள். அந்தப் பசை லேசுப்பட்டதல்ல. கார்போரண்டம் என்கிற கல் தூளைக் கிரீஸில் குழைத்தது அது. 1891-ல் அமெரிக்காவில் ஆச்சிஸன் என்பவர் செயற்கை வைரம் செய்ய ஆசைப்பட்டு, களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் காய்ச்சினார். வைரம் வரவில்லை, வைரத்துக்குச் சற்றே இளைத்த இந்தக் கடினமான பொடி வந்தது. எஃகையே அராவும் அந்தப் பொடி சிலிண்டருக்குள் இறங்கினால் விடுமா? சிலிண்டர் சுவரையும் பேரிங்குகளையும் அது தின்று தீர்த்துவிட்டது. பெரியம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின. சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டார்கள். அதற்கே வளையல் பணம் சரியாய்ப் போயிற்று.

ஹெட் வேலை பாக்கி. அதைப் புதுப்பேட்டையில் பெரியப்பாவுக்குப் பழக்கமான ஒரு கிழவரிடம் கொண்டுபோனார். எல்லோருக்கும் அவர் 'பாய்'தான். பட்டறை என்று சொல்வதற்கு ஒரு தகரக் கூரை, ஒரு மேஜை, இரண்டு ஸ்டூல், அவ்வளவே. "வேலை செஞ்சு தரேன் அண்ணே. ஆனா பையன் பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டான். எனக்கு மணிக்கட்டு வாதம். ஒரு வாரம் பொறுங்க" என்றார் பாய்.

ஒரு வாரம்! தை பிறந்து நாலாம் நாள் ஒரு கல்யாண கோஷ்டியைத் திருப்பதிக்கு அழைத்துப் போக முன்பணம் வாங்கியாகிவிட்டது. சாப்பாட்டுத் தூக்கோடு என்னையும் இழுத்துக்கொண்டு வந்திருந்த பெரியம்மா, பாயின் மேஜைமேல் கிடந்த குச்சியை எடுத்துப் பார்த்தாள்.

"இதை வைத்து என்ன பண்ணணும் பாய்?"

"ரெண்டு உள்ளங்கைக்கு நடுவிலே வெச்சு உருட்டணும்மா. மோர் சிலுப்புவீங்க இல்லே?"

"சிலுப்பாமல் என்ன? கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாய் அதுதானே வேலை!" என்றாள் பெரியம்மா. புடைவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

பாய் ஸ்பிரிங்கை அழுத்தி, லாக்குகளை எடுத்து, வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒரு அட்டையில் எட்டு ஓட்டை போட்டு, நம்பர் எழுதி, வரிசையாகச் செருகினார். "ஒண்ணோட எடத்திலே இன்னொண்ணு போகக் கூடாதும்மா. தேய்ச்ச பொறவு அந்த வால்வுக்கு அந்த சீட்டுதான்." கருகிப்போன வால்வுக்குப் பதில் புதியது வந்தது, அதன் சீட்டைக் கட்டர் வைத்து லேசாகச் சீவினார். பிறகு வால்வின் சரிந்த விளிம்பில் மூன்று நாலு இடத்தில் கடுகளவு பசையைப் பொட்டு வைத்தார். முதலில் கொரகொரப்பான பசை, கடைசியில் நைஸான பசை. தண்டில் ஒரு சொட்டு எண்ணெய். ரப்பரைத் தண்ணீரில் நனைத்து வால்வின் தலைமேல் அழுத்தினதும் சிக்கென்று பற்றிக்கொண்டது. தலையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் பற்றாது, நழுவிவிடும்.

பெரியம்மா உருட்ட ஆரம்பித்தாள். இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று. பாயின் கண்டிப்பு அதில்தான். ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே போனால், பசையிலுள்ள பொடி வட்ட வட்டமாகக் கோடு கிழித்துவிடும். முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். பத்துப் பன்னிரண்டு உருட்டுக்கு ஒரு தடவை வால்வைத் தூக்கி, கால் வட்டம் திருப்பி வைத்து, மறுபடி உருட்ட வேண்டும். ரொம்ப அழுத்தவும் கூடாது. பாயின் பையன் பலசாலியாம். அழுத்தி அழுத்தியே காரியத்தைக் கெடுப்பானாம்.

"சத்தத்தைக் கேளுங்கம்மா" என்றார் பாய். முதலில் 'கர்ர் கர்ர்' என்று பல்லைக் கூசவைத்த சத்தம், போகப் போகத் தணிந்தது. பெரியம்மா தலையை ஆட்டினாள். "அம்மியில் தேங்காய் அரைக்கிற மாதிரிதான். மசிந்தால் சத்தம் அடங்கிவிடும்." பாய்க்கு ஒரே சந்தோஷம். முப்பது வருஷமாக எத்தனையோ பையன்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க அவர் பட்ட பாடு!

துடைத்துப் பார்த்தால், வால்வின் விளிம்பைச் சுற்றிலும் வெள்ளிக் கொலுசு மாதிரி சாம்பல் நிற வளையம். பளபளப்பு இருக்கக் கூடாது. மங்கலாக, எங்கும் அறுபடாமல், ஒரே அகலமாக இருக்க வேண்டும். கண்ணை மட்டும் பாய் நம்பவில்லை. என் சட்டைப்பையிலிருந்த பள்ளிக்கூடப் பென்சிலை வாங்கி, வால்வின் விளிம்பில் குறுக்குக் கோடுகள் போட்டார். சீட்டில் வைத்து அழுத்திக் கால் திருப்புத் திருப்பினார். எல்லாக் கோடுகளும் நடுவில் அழிந்திருந்தால் பாஸ். ஒன்று அழியாமலிருந்தாலும் அந்த இடத்தில் பள்ளம் என்று அர்த்தம்.

மத்தியானம் மூன்று மணிக்குள் எட்டும் முடிந்துவிட்டன. பெரியம்மாவின் உள்ளங்கைகள் சிவந்து கன்றிப் போயிருந்தன. வால்வுகளை ஸ்பிரிங்கோடு மாட்டி, ஸ்பார்க் பிளக்குகளைப் பூட்டி, ஹெட்டைக் குப்புறக் கவிழ்த்து, குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றினார் பாய். எல்லோருமாகக் காத்திருந்தோம். ஐந்து நிமிஷம் கழித்துப் பக்கவாட்டுத் துவாரங்களைப் பார்த்தால், மற்றதெல்லாம் உலர்ந்திருக்க, மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் துவாரத்தில் மட்டும் ஈரம். அந்தப் புது வால்வுதான்!

"லேசான கசிவுதான். ஓட ஓடச் சரியாயிடும்" என்றார் பெரியப்பா, திருப்பதி சவாரியை நினைத்துக்கொண்டு.

பாய் ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார். அவள், "கழற்றுங்கள் பாய்" என்றாள்.

மறுபடியும் முக்கால் மணி நேரம். இந்தத் தடவை ஒரு சொட்டுக் கசிவு இல்லை. அதற்குப் பின் கழுவுகிற படலம்! எட்டு வால்வுகளையும் மறுபடி கழற்றச் சொல்லி, ஹெட்டை மண்ணெண்ணெயில் மூன்று முறை கழுவினாள். வால்வுத் தண்டு நுழையும் துவாரங்களில் துணியைத் திரித்து விட்டு இழுத்தாள். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியில் வரும் வரையில் விடவில்லை. தன் வளையல்களைத் தின்ற பசை அல்லவா!

மறுநாள் காலையில் பெரியப்பா ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினார். நாலு இடத்திலும் கை கனத்தது. என்னைப் பின்னால் அனுப்பினார். குழாயில் காதை வைத்தேன். சத்தமே இல்லை.

இப்போதெல்லாம் இந்தக் குச்சிக்கு வேலை குறைந்துவிட்டது. சீட்டுகளை இயந்திரமே நுட்பமாகக் கடைந்துவிடுகிறது. புதிய எஞ்சின்கள் சிலவற்றில் வால்வின் முகத்துக்குக் கடினப் பூச்சு கொடுத்திருப்பதால், தேய்த்தால் பூச்சுப் போய்விடும், தேய்க்காதே என்றே தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அந்த ஈயம் படிந்துதான் பழைய எஞ்சின்களில் சீட்டு தேயாமல் காத்துவந்தது. அதன் பிறகு பழைய ஹெட்டுகளில் கெட்டியான சீட் வளையம் அடிக்க வேண்டி வந்தது. அம்பாசடர் கார் உற்பத்தியே 2014-ல் நின்றுவிட்டது. இருந்தாலும் பழைய வண்டி வைத்திருப்பவர்களும், டிராக்டர், பம்புசெட் ரிப்பேர் செய்பவர்களும் அந்தக் குச்சியை இன்னும் கைவிடவில்லை. உங்கள் வீட்டுப் பழைய வண்டிக்கு வால்வு வேலை நடந்தால், நீங்களே நேரில் போய் நின்று, "மண்ணெண்ணெய் ஊற்றிக் காட்டுங்கள், கழுவின துணியைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கேட்கத் தெரிந்தவர்கள் என்று கண்டால் பட்டறையில் மரியாதையே தனி.

திருப்பதி சவாரி போய்வந்த பணத்தில் ஒரு வளையல் திரும்பிற்று. மற்றொன்று திரும்ப ஆடி மாதம் ஆயிற்று. பாய்க்குக் கூலி கொடுக்கப் பெரியம்மாவும் சேர்ந்து போயிருந்தாள். அவர் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "வேலை செஞ்சது நீங்க. எனக்கு ஹெட் மாட்டின கூலி மட்டும் போதும்" என்றாராம். பிறகு சிரித்துக்கொண்டே, "பையன் வர இன்னும் நாலு நாள் ஆகும். ஒரு பியட் ஹெட் வந்து கிடக்கு" என்றாராம்.

பெரியம்மா அன்றைக்கும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாளா என்று கேட்கிறீர்களா? உட்கார்ந்தாள். ஆனால் முதலில் கூலி எவ்வளவு என்று பேசிக்கொண்டுதான்!