பொதுக் கோப்புறை திறவாதபோது செய்ய வேண்டுவன

ஊரில் ஒரு பொதுப் பண்டகசாலை இருக்குமாயின், அதன் பயன் அதிலுள்ள சரக்கை மட்டும் பொறுத்ததன்று. உரியவருக்கு அது உரிய வேளையில் திறக்கிறதா, உரிமையற்றவருக்கு அது அடைத்தே இருக்கிறதா என்னும் இரண்டையும் பொறுத்ததாகும். வீட்டுக் கணினிகளை இணைத்து அமைக்கப்படும் பொதுக் கோப்புறைக்கும் இவ்விதியே பொருந்தும்.

பாலாற்றுப் பகுதியில் தொழில் நடக்கும் இடமும் குடும்பம் வாழும் இடமும் பல குடும்பங்களுக்கு ஒன்றேயாகும். ஆம்பூர் வட்டாரத்தில் காலணியின் மேற்பாகத்தைக் கையால் தைக்கும் வேலை பெண்களின் வீடுகளுக்கே வந்து சேருகிறது. அவ்வேலையைப் பங்கிட்டுக் கொடுப்போர் வீட்டிலும், குடியாத்தத்தில் லுங்கி நெய்விப்போர் வீட்டிலும் முன்னறையில் ஒரு கணினியும் மாடியில் மற்றொன்றும் இருத்தல் இன்று அரிதன்று. எத்தனை ஜோடி கொடுக்கப்பட்டது, எத்தனை திரும்பியது, எவருக்கு எவ்வளவு கூலி பாக்கி என்னும் கணக்கு ஒரு கணினியில் இருக்கிறது. மற்றதிலிருந்து அதைத் திறக்க இயலாமற்போனால், வாரக் கூலி பட்டுவாடா நின்றுவிடுகிறது.

அவ்வேளையில் அவசரப்பட்டு எல்லாப் பூட்டுகளையும் திறந்துவிடுவோர் பலர். ‘ஃபயர்வால்’ என்னும் காப்பை நிறுத்திவிடுகின்றனர். ‘எவரிஒன்’ என்னும் தலைப்பில் எல்லோருக்கும் முழு உரிமை வழங்கிவிடுகின்றனர். கோப்புறை திறந்துவிடலாம்; ஆனால் எக்காரணத்தால் அது மூடியிருந்தது என்பது தெரியாமலே போகிறது. ஆகவே எந்த வாயிலில் தடை நேர்ந்தது என்று முதலில் கண்டறிந்து, அந்த ஒரு வாயிலை மட்டும் சரிசெய்தல் வேண்டும். விண்டோஸ் கணினிகளில் அவ்வாயில்கள் ஐந்து. அவற்றை வரிசையாகச் சோதிப்போம்.

முதலாவது, பாதை. கோப்புறை இருக்கும் கணினி விழித்திருக்கிறதா என்று பாருங்கள். சிறிது நேரம் தொடாமலிருந்தால் தானே உறங்கிவிடுமாறு பல கணினிகள் அமைக்கப்பட்டுள்ளன. உறங்கும் கணினி கோப்புறையைத் தராது. பின்னர் இரு கணினிகளின் ஐ.பி. எண்களையும் ஒப்பிடுக. வீட்டு ரௌட்டர்களில் இவ்வெண்ணின் முதல் மூன்று பகுதிகள் வழக்கமாக ஒன்றாகவே இருக்கும். ஒன்று 192.168.1.10 என்றும் மற்றொன்று 192.168.0.12 என்றும் இருந்தால், அவை இரு வேறு ரௌட்டர்களின் கீழ் இருத்தல் கூடும். விருந்தினருக்கான வைஃபையில் இணைந்த கணினியும், வீட்டிலுள்ள மற்றக் கணினிகளைக் காணாதபடி தடுக்கப்பட்டிருக்கலாம்.

இரண்டாவது, பெயர். கணினியின் பெயரால் திறவாத கோப்புறை அதன் எண்ணால் திறக்கக்கூடும். முகவரிக் கட்டத்தில் \\192.168.1.10 என்பது போல, இரண்டு பின்சாய்கோடுகளுடன் எண்ணை எழுதிப் பாருங்கள். திறந்தால், குறை பெயரைத் தேடும் முறையில் உள்ளது. பூட்டுகளைத் தொட வேண்டியதில்லை. ஆனால் ரௌட்டர் இவ்வெண்ணை அவ்வப்போது மாற்றி வழங்குவதுண்டு. கணக்கு வைத்துள்ள கணினிக்கு ஒரே எண்ணை ஒதுக்கிவைக்குமாறு ரௌட்டரிலேயே அமைத்துக்கொள்வது நலம்.

மூன்றாவது, வெளிவாயில். விண்டோஸ் ஒவ்வொரு இணைப்பையும் ‘பிரைவேட்’ அல்லது ‘பப்ளிக்’ என வகைப்படுத்துகிறது. புதிய ரௌட்டர் வாங்கிய பின்னர் வீட்டு இணைப்பு ‘பப்ளிக்’ எனப் பதிவாகியிருந்தால், கணினி தன்னை அயலாரிடமிருந்து மறைத்துக்கொள்வது போல உங்களிடமிருந்தும் மறைத்துக்கொள்ளும். வீட்டு இணைப்பை மட்டும் ‘பிரைவேட்’ என மாற்றி, ‘நெட்வொர்க் டிஸ்கவரி’, ‘ஃபைல் அண்டு பிரிண்டர் ஷேரிங்’ ஆகிய இரண்டையும் இயங்கச் செய்க. ஃபயர்வாலை நிறுத்தாமலே வாயில் திறக்கும்.

நான்காவது, அடையாளம். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படுமாயின், கோப்புறை இருக்கும் கணினியின் கணக்குக்குரியவற்றையே தருதல் வேண்டும். நாள்தோறும் கணினியைத் திறக்க நாம் இடும் ‘பின்’ எண் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. வலை வழியாக அது செல்லாது. கடவுச்சொல்லே இல்லாத கணக்கையும் விண்டோஸ் இயல்பாக வலை வழியே ஏற்பதில்லை. கடவுச்சொல்லை அண்மையில் மாற்றியவர்கள், ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ என்னும் பகுதியில் தங்கியுள்ள பழைய சொல்லை அகற்ற வேண்டும்.

ஐந்தாவது, அறைப் பூட்டு. ஒரே கோப்புறைக்கு இருவகை அனுமதிகள் உள்ளன. ‘ஷேரிங்’ பகுதியில் தரப்படுவது வளாகக் கதவின் அனுமதி. ‘செக்யூரிட்டி’ பகுதியில் தரப்படுவது உள்ளறையின் அனுமதி. வலை வழியே வருவோருக்கு இவ்விரண்டிலும் கடுமையானதே செல்லுபடியாகும். ஒன்றில் எழுதும் உரிமையும் மற்றதில் படிக்கும் உரிமையும் இருப்பின், படிக்க மட்டுமே இயலும்.

திரையில் தோன்றும் வாசகமே பாதித் துப்பைக் கொடுத்துவிடும். பாதை காணப்படவில்லை என்று வந்தால் முதல் மூன்று வாயில்களையும், பெயரோ கடவுச்சொல்லோ தவறு என்று வந்தால் நான்காவதையும், அனுமதி இல்லை என்று வந்தால் ஐந்தாவதையும் முதலில் ஆராய்க.

இனி, நேற்றுவரை திறந்த கோப்புறை விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பின் திறவாமற்போவதும் உண்டு. இதற்குப் பெரும்பாலும் பாதுகாப்பே காரணம். 2017-ஆம் ஆண்டு மே மாதம் ‘வான்னாகிரை’ என்னும் தீநிரல், கோப்புகளைப் பகிரும் ‘எஸ்.எம்.பி.’ முறையின் முதற்பதிப்பிலிருந்த ஓட்டை வழியே நுழைந்து, சுமார் 150 நாடுகளில் பரவிற்று. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட இத்தீநிரலால் பிரிட்டனின் மருத்துவமனைகள் தடுமாறின. நம் அண்டை மாநிலமாகிய ஆந்திரத்தில் காவல்துறைக் கணினிகள் சிலவும் பாதிப்புற்றன. அவ்வோட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதை ஏற்காத கணினிகளே பெரிதும் சிக்கின.

அவ்வாண்டின் பிற்பகுதியிலிருந்து அந்த முதற்பதிப்பு விண்டோஸ் 10-இலிருந்து நீக்கப்படலாயிற்று. வீடுகளில் பலர் பயன்படுத்திய ‘ஹோம்குரூப்’ வசதியும் 2018-இல் நீக்கப்பட்டது. 2024-இல் வந்த விண்டோஸ் 11 புதுப்பிப்பு, ‘புரோ’ முதலிய பதிப்புகளில் கடவுச்சொல்லற்ற விருந்தினர் நுழைவை ஏற்பதில்லை. ஆகையால் ரௌட்டரில் செருகிய பென்டிரைவும் பழைய சேமிப்புக் கருவிகளும் திடீரெனத் திறவாமற்போகலாம். பழைய முறையை மீண்டும் இயக்குமாறு சிலர் யோசனை கூறுவர். அதனை ஏற்பது, பழுது பார்த்த சுவரை நாமே மறுபடி இடிப்பதாகும். கருவியின் மென்பொருளைப் புதுப்பித்து, அதற்கொரு பெயரும் கடவுச்சொல்லும் அமைப்பதே தக்க வழி. அதற்கும் இணங்காத கருவியை விலக்கி, கணக்கைக் கணினியொன்றிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இறுதியாக ஒன்று. எழுதும் உரிமை பெற்ற எந்தக் கணினியில் தீநிரல் புகுந்தாலும், அது பொதுக் கோப்புறையையும் எட்டும். எனவே கணக்கு எழுதுவோருக்கு எழுதும் உரிமையும், பார்வையிடுவோருக்குப் படிக்கும் உரிமையும் மட்டும் வழங்குங்கள். வாரம் ஒருமுறை முழுக் கணக்கையும் தனி டிஸ்கில் நகலெடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். தைத்த பெண்ணின் கூலியும் நெய்தவரின் பாக்கியும் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. பொதுச் சொத்தை எல்லோருக்கும் திறந்து போடுவதைவிட, உரியவர் அனைவருக்கும் தவறாமல் திறக்கும்படி பேணுவதே கூட்டுறவுக்கு அழகாகும்.