அங்குல நாடா சொல்லும் சேதி

தையல் மெஷின் இழுப்பறையில் ஓர் அங்குல நாடா சுருண்டு கிடக்குமே, அதைக் கொஞ்சம் எடுத்து வாருங்கள். எடை பார்க்கும் யந்திரம் இன்று நமக்கு வேண்டாம். அது பொல்லாத முகஸ்துதிக்காரன்! ஒல்லியாக இருப்பவர்களிடம், "உனக்கென்ன அம்மா, பூங்கொடி!" என்று சொல்லி ஏமாற்றிவிடும்.

"நான் குண்டாகவா இருக்கிறேன், டாக்டர்? எனக்கு எப்படிச் சர்க்கரை வியாதி வந்தது?" இந்தக் கேள்வியைக் கேட்காத டாக்டர் நம் நாட்டில் இருக்கமாட்டார்.

பதில் ஒரு புகைப்படத்தில் இருக்கிறது. 2004-ஆம் ஆண்டில் புனா நகரத்து டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டு, அதை 'லான்செட்' என்ற மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கில் இருவருக்கும் ஒரே எண்தான்: 22.3. ஆனால் உடம்பிலுள்ள கொழுப்பை அளந்தபோது, வெள்ளைக்காரருக்கு நூற்றுக்கு 9.1 பங்கு, நம்மவருக்கு 21.2 பங்கு! வெளியே ஒல்லி, உள்ளே குண்டு. இந்தியர்களில் மிகப் பலருடைய ரகசியம் இதுதான்.

கொழுப்பு எங்கே குடியிருக்கிறது என்பதும் முக்கியம். தோலுக்கடியில், தொடையில் இருக்கும் கொழுப்பு அவ்வளவு தொந்தரவு தராத குடித்தனக்காரர். வயிற்றுக்குள்ளே குடலையும் ஈரலையும் சுற்றிப் படிகிறதே, அதுதான் சண்டைக்காரர். அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் நேரே ஈரலுக்குப் போகின்றன. ஈரல் திணறிப்போய்ச் சர்க்கரையையும் கொழுப்பையும் அதிகமாக ரத்தத்தில் விடுகிறது.

அதன் பலனை அனுபவிப்பது ரத்தக் குழாய். அதன் உட்புறத்தில் ஒரே ஓர் அடுக்கு உயிரணுக்களால் ஆன மெல்லிய பட்டு உறை உண்டு. அது நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயை இளக்கி விரிக்கிறது. இதைக் கண்டறிந்த மூன்று அமெரிக்கர்களுக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்தால் அந்தச் சுரப்பு குறைகிறது; குழாய் விறைக்கிறது; கொழுப்பு உள்ளே புகுந்து படிகிறது. கண், சிறுநீரகம், இதயம், மூளை, கால் என்று எங்கே வேண்டுமானாலும் தகராறு கிளம்பலாம். சாதாரணமாகப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும்வரை மாரடைப்பிலிருந்து ஓரளவு காப்பு உண்டு. சர்க்கரை வியாதி வந்துவிட்டாலோ அந்தக் காப்பில் பெரும் பகுதி போய்விடுகிறது.

சரி, நாடாவை எடுங்கள். புடவை கட்டும் இடத்தில் அளக்கக்கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, நிமிர்ந்து நின்று, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்கவேண்டும். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது 31½ அங்குலம்தான் எல்லை. ஆண்களுக்கு 90, சுமார் 35½ அங்குலம். உங்கள் வீட்டுக்காரர் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பார். கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்துவிட்டு அளவெடுங்கள்!

எல்லையைத் தாண்டியிருந்தால் உடனே பட்டினி கிடக்க ஆரம்பித்துவிடாதீர்கள். பட்டினியில் கொழுப்போடு தசையும் கரையும். சாப்பிட்ட சர்க்கரையில் பெரும் பங்கை வாங்கி வைத்துக்கொள்ளும் களஞ்சியம் தசைதான். வயதாக ஆகத் தசை தேய்ந்து அந்த இடத்தைக் கொழுப்பு பிடிக்கிறது. யந்திரமோ பழைய எடையையே காட்டிக்கொண்டிருக்கிறது. மறுபடி ஆட்டுக்கல்லைத் தூக்கி வைக்கும்படி நான் சொல்லவில்லை. (எனக்கும் கிரைண்டர்தான்!) வாரத்தில் 150 நிமிஷம் வேகநடை, இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காருவதுகூட வேலைதான். சாதத்தைக் குறைத்துப் பருப்பு, சுண்டல், முட்டை, தயிர் இவற்றைக் கூட்டுங்கள். எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் வெறும் ரசம் சாதத்தோடு எழுந்திருக்கும் வழக்கம் வேண்டாம்.

ஏற்கனவே சர்க்கரை வியாதி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டே தேகப்பயிற்சியைத் தொடங்கவேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்கும் சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். கைப்பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு முறை கண்ணின் உட்புறத்தைக் காட்டுங்கள். ரத்தக் குழாயை டாக்டர் நேரே பார்க்கக்கூடிய ஜன்னல் அது. சிறுநீரில் ஆல்புமின் இருக்கிறதா, பாதத்தில் நாடி துடிக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் வலி நின்றுவிடுகிறது என்றால், தைலம் தடவி நாளைக் கடத்தாமல் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.