கலைப்பொருள் வாங்குமுன்

வெள்ளானூர்ப் பக்கம் புதுமனை புகுவோரிடையே, கூடத்தில் ஒரு பழஞ்சிலையோ ஓவியமோ வைக்கும் ஆசை எழுவதைக் காண்கிறோம். நல்ல ஆசையே. ஆனால் எதை, எவரிடம் வாங்குவது? அதற்கு வழிகாட்டுபவரே கலை ஆலோசகர்.

மேனாடுகளில் இது நூறாண்டு கடந்த தொழில். பாஸ்டன் நகரத்து இசபெல்லா கார்ட்னர் அம்மையார் 1896இல் தித்தியானின் ‘ஐரோப்பா’ ஓவியத்தைப் பெற்றது பெர்னார்டு பெரன்சன் வாயிலாகவே. பெரும் புலமையாளர், ஐயமில்லை. எனினும் 1912இல் துவீன் என்னும் வணிகரோடு இலாபத்தில் பங்குபெற மறைவாக உடன்படிக்கை செய்துகொண்டார். வாங்குவோருக்கு ஆலோசனை, விற்போரிடம் தரகு! ஆகவே, “உமக்கு ஊதியம் தருபவர் யார்?” என்று ஆலோசகரை முதலிலேயே கேட்டுவிடுதல் நலம்.

அடுத்தது, பொருள் வந்த வழி. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசர் திருமேனியை ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008இல் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிற்று. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்திற்கு முன்பே அது இந்தியாவை விட்டுச் சென்றதாகப் பத்திரங்கள் கூறின. அத்தனையும் பொய். 1994இல் அதே திருமேனியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் கோயிலிலேயே படமெடுத்திருந்தனர்! 2014இல் அது நாடு திரும்பிற்று. அவ்வூரார் இழந்தது வெறும் கலைப்பொருளையா? தாம் வணங்கிய தெய்வத்தையன்றோ! நம் ஆலயத்துச் சுரூபம் களவுபோனால் நாம் பதறமாட்டோமா?

நூறாண்டு கடந்த சிலைகளை அச்சட்டப்படி பதிவு செய்யவேண்டும்; உரிமம் பெற்றோரே அவற்றை வணிகம் செய்யலாம். புதிய ஓவியம் போதுமெனில் இத்தொல்லை இல்லை. கே. சி. எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஈஞ்சம்பாக்கத்தில் உள்ளது. வரைந்தவரையே அங்குக் கண்டு பேசலாம்.