பின் போட்டால் பணம் போகும், வராது

2023 பிப்ரவரியில் ஒரே இரவில் திருவண்ணாமலை, போளூர், கலசபாக்கம் பகுதிகளில் நான்கு ஏடிஎம்களை கேஸ் கட்டரால் அறுத்து, 70 லட்சம் ரூபாய்க்கு மேல் அள்ளிக்கொண்டு போனது ஒரு வெளிமாநிலக் கும்பல். இயந்திரத்தை அறுக்க வேண்டும், கேமராவுக்குத் தப்ப வேண்டும், விடிவதற்குள் ஊரைத் தாண்ட வேண்டும். செல்போன் வழியாகத் திருடுகிறவனுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. கணக்குக்குச் சொந்தக்காரரின் விரலைக் கொண்டே பணத்தை எடுத்துவிடுகிறான்.

கிரிவலப் பாதையில் இன்று பூக்கூடையிலும் இளநீர் வண்டியிலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. பல வீடுகளில் பிள்ளைகள் அம்மாவின் போனில் ஆப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டு, "இதை அமுக்கு, அதை அமுக்கு" என்று காட்டியதோடு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அமுக்கினால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. மோசடிக்காரர்கள் நம்பியிருப்பது அந்த இடைவெளியைத்தான்.

ஆப்பில் பணம் இல்லை

ஜிபே, போன்பே, பேடிஎம், பீம் என்று பெயர்கள் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது யூபிஐ. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2016-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. உங்கள் பணம் வங்கிக் கணக்கில்தான் இருக்கிறது. 'யூபிஐ லைட்' என்ற வசதியில் 5,000 ரூபாய் வரை தனியாக ஒதுக்கி வைத்திருந்தால் அது மட்டும் விதிவிலக்கு. அதில் ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் இல்லாமலே செலவழிக்கலாம்.

மாலைக்கு 100 ரூபாய் கொடுக்க ஸ்கேன் செய்கிறீர்கள். 'இந்தக் கணக்கிலிருந்து அந்தக் கணக்குக்கு 100 ரூபாய்' என்ற உத்தரவை ஆப் எழுதிக் கொடுக்கிறது. நீங்கள் பின் போடுகிறீர்கள். உங்கள் வங்கி அதைச் சரிபார்த்துப் பணத்தைக் கழிக்கிறது, பூக்காரம்மாவின் வங்கி வரவு வைக்கிறது. வங்கியில் பணம் எடுக்கப் பூர்த்தி செய்யும் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆப் அந்தச் சீட்டு, பின் உங்கள் கையெழுத்து. பணம் வாங்குவதற்காக யாரும் அந்தச் சீட்டில் கையெழுத்துப் போடுவதில்லை.

ஆகவே பணம் வாங்கப் பின் தேவையில்லை, ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. "அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்று ஒருவர் சொன்னால், பணம் போகப்போவது உங்கள் கணக்கிலிருந்து. வீடு வாடகைக்கு, பழைய பைக் விற்பனைக்கு என்று விளம்பரம் கொடுத்தவர்கள் இதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள். 'எனக்குப் பணம் கொடு' என்று தனிநபர் அனுப்பும் கோரிக்கையை வைத்து நடந்த ஏமாற்று பெருகியதால், 2025 அக்டோபர் முதல் அந்த வசதியையே நிறுத்திவிட்டார்கள். இப்போது சில ஆப்களில் பின்னுக்குப் பதில் கைரேகையோ முகமோ போதும். அதுவும் கையெழுத்துதான்.

பௌர்ணமி இரவில்

பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் பாதையில் லட்சக்கணக்கான பேர் நடக்கும்போது செல்போன் நெட்வொர்க் திணறும். டீ குடித்துவிட்டுப் பணம் அனுப்புகிறீர்கள். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிறகு 'பெண்டிங்' என்று வருகிறது. உங்கள் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, கடைக்காரருக்கு வரவில்லை. சண்டை அங்கே தொடங்குகிறது. இருவருமே பொய் சொல்லவில்லை. இரண்டு வங்கிகளுக்கு நடுவில் உத்தரவு நின்றுவிட்டது.

இதற்கு ரிசர்வ் வங்கி 2019-லேயே கெடு வைத்திருக்கிறது. தனிநபர் கணக்குக்கு அனுப்பியது சேரவில்லை என்றால் மறுநாளுக்குள், கடைக்கு அனுப்பியது உறுதியாகவில்லை என்றால் 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கேட்காமலே தர வேண்டியது, தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். புகாருக்கு அதுதான் அடையாளம். கடைக்காரரிடம் அப்போதைக்கு ரொக்கம் கொடுத்துவிடுவது நல்லது. 'பெண்டிங்' தெளியுமுன் மறுபடி அனுப்பினால் இரண்டு முறை போய்விடக்கூடும்.

கடை வைத்திருப்பவர்களுக்கு

வாடிக்கையாளர் காட்டும் பச்சை டிக் உங்களுக்கு ரசீது ஆகாது. அசல் ஆப் போலவே திரை காட்டி, டிக்கும் சத்தமும் போடும் போலி ஆப்கள் உலவுகின்றன. சவுண்ட் பாக்ஸ் இருந்தால் அது சொல்லட்டும், இல்லாவிட்டால் உங்கள் போனில் வரவைப் பாருங்கள். "500 போடுறதுக்குப் பதிலா 5,000 போட்டுட்டேன், மீதியை அனுப்புங்க" என்று யாராவது பதறினால் எஸ்எம்எஸ்ஸை நம்ப வேண்டாம். அந்தச் செய்தியை அவரே தட்டச்சு செய்து அனுப்பியிருக்கலாம். நீங்களே ஆப்பைத் திறந்து இருப்பைப் பாருங்கள்.

காலையில் கடை திறந்ததும் உங்கள் க்யூஆரை ஒருமுறை ஸ்கேன் செய்து, உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள். நம்மூரைப் போலவே கோயிலை நம்பியிருக்கும் மத்தியப் பிரதேசத்துக் கஜுராஹோவில், 2025 ஜனவரியில் இரவோடு இரவாகப் பல கடைகளின் க்யூஆர் மீது வேறு க்யூஆரை ஒட்டிவிட்டார்கள். கடைக்காரர்கள் கவனிக்கும்வரை வியாபாரம் இவர்களுடையது, வரவு யாருக்கோ.

இன்னொரு சிக்கல்: மோசடிப் பணத்தில் யாராவது உங்களிடம் சாமான் வாங்கினால், காவல்துறை அந்தப் பணத்தைத் தேடி வரும்போது உங்கள் கணக்கு முடங்கலாம். எந்தக் காவல் நிலையம், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்று வங்கியிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். விற்ற பில்லைக் காட்டி, சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். முழுக் கணக்கும் முடக்கப்பட்ட ஒருவர் 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, ஒரு குறிப்பிட்ட தொகையை மட்டும் இருப்பில் வைத்துவிட்டுக் கணக்கை இயக்க நீதிமன்றம் அனுமதித்தது.

வெளியூர்க்காரர்களுக்கு

தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் அறை கிடைப்பது கஷ்டம். இணையத்தில் தேடி, முதலில் வரும் எண்ணுக்கு அட்வான்ஸ் அனுப்பி, இங்கே வந்து இறங்கினால் அப்படி ஒரு விடுதியே இருக்காது. கேதார்நாத், சோம்நாத் பயணிகளைக் குறிவைத்த இத்தகைய போலித் தளங்களைப் பற்றி 2025 ஏப்ரலில் மத்திய உள்துறையின் சைபர் குற்றப் பிரிவு எச்சரித்தது. தரிசனச் சீட்டு, காணிக்கை எல்லாம் அறநிலையத் துறையின் தளத்திலோ கோயில் கவுண்டரிலோ மட்டும். பின் போடுமுன் திரையில் யார் பெயர் வருகிறது என்று வாய்விட்டுப் படியுங்கள். விடுதி என்று சொல்லிவிட்டு ஒரு தனிநபர் பெயர் வந்தால், ஏன் என்று கேட்டுத் தெளிந்த பிறகு அனுப்புங்கள்.

கஸ்டமர் கேர் எண்ணையும் இணையத்தில் தேட வேண்டாம், ஆப்புக்குள்ளேயே 'உதவி' பகுதி இருக்கிறது. எனிடெஸ்க் போலத் திரையைப் பகிரும் ஆப்பை இறக்கச் சொல்கிறவர் நீங்கள் அமுக்குவதையெல்லாம் பார்க்கப்போகிறார். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்று வரும் ஏபிகே கோப்பைத் தொடாதீர்கள்.

பணம் போய்விட்டால்

உடனே 1930-ஐ அழையுங்கள். இது சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். மோசடிக்காரர் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே போவார். ஏடிஎம்மில் எடுத்து முடிப்பதற்குள் இடையில் ஒரு வங்கியில் நிறுத்திவிட்டால் மீட்க வழி உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரிலும் போகலாம். 12 இலக்க எண், நேரம், தொகை, எதிராளியின் எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போன் தொலைந்தால் சிம்மை முடக்குங்கள், வங்கிக்குச் சொல்லி யூபிஐயையும் நிறுத்துங்கள்.

வங்கியிடம் உங்களுக்கு என்ன உரிமை? 2017-ல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, வங்கியின் கவனக்குறைவால் போன பணத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை. உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் போயிருந்தால், வங்கியின் செய்தி வந்து 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் முழுத் தொகையும் திரும்ப வேண்டும். 4 முதல் 7 வேலை நாளுக்குள் சொன்னால் சாதாரண சேமிப்புக் கணக்கில் உங்கள் நஷ்டம் அதிகபட்சம் 10,000 ரூபாய், ஜீரோ பேலன்ஸ் அடிப்படைக் கணக்கில் 5,000. பின்னை நீங்களே பிறரிடம் சொல்லியிருந்தால் நஷ்டம் உங்களுடையது. ஆனால் வங்கிக்குத் தகவல் கொடுத்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. தவறு உங்களுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கியே. "நீங்க ஏதாவது அமுக்கியிருப்பீங்க" என்ற வாய்ப்பேச்சு நிரூபணம் ஆகாது.

புகாரை எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியாக இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. விவரம் கேட்க 14448.

இத்தனை வழி இருந்தும் பலருக்குப் பணம் திரும்பாமல் போவதற்கு வெட்கமும் ஒரு காரணம். மகன் திட்டுவான், வீட்டுக்காரர் கோபிப்பார் என்று இரண்டு நாள் மறைத்துவிட்டு மூன்றாம் நாள் வங்கிக்குப் போகிறார்கள். அதற்குள் பணம் பல கை மாறியிருக்கும். முதல் அழைப்பு 1930-க்கு, இரண்டாவது வங்கிக்கு. திட்டு வாங்குவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.